மணிக்கட்டில் எட்டு வீடு

பால்காரம்மாவுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த வட்டாரத்தில் நூற்றுப் பதினான்கு வீடு. எந்த வீட்டுக்கு எத்தனை பாக்கெட், நீலமா பச்சையா, எந்த வீட்டில் மணி அடிக்கலாம், எந்த வீட்டில் அடித்தால் கைக்குழந்தை எழுந்து ஊரைக் கூட்டும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் ஒன்பது வருஷமாக அவள் தலையில்தான் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அப்படிப்பட்டவள் உடற்கூறியல் தேர்வில் நூற்றுக்கு இருபத்தெட்டு வாங்கினாள் என்றால் தப்பு யார் பேரில்? புத்தகத்தின் பேரில்தான் என்பேன் நான். சரி, என் பேச்சை யார் கேட்கிறார்கள்.

நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்து ஆசை. நடுவில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, கல்யாணம் வந்தது, பால் சைக்கிள் வந்தது. ஆனாலும் வருஷா வருஷம் விண்ணப்பம் போடுவதை மட்டும் அவள் விடவில்லை. எட்டாவது தடவை இடம் கிடைத்தபோது அவளுக்கு முப்பது வயது. அதுதான் கடைசி வயதும். அடுத்த வருஷம் போயிருந்தால் படிவத்தையே கையில் கொடுத்திருக்கமாட்டார்கள்.

முதல் நாள் வகுப்புக்குள் அவள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம்" என்று ராகம் போட்டார்கள். பதினெட்டும் பத்தொன்பதுமான பிள்ளைகள், பாவம், அவர்களுக்கென்ன தெரியும்? பால்காரம்மா கூச்சத்தோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்து ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் அக்கா.

காலை நாலரையிலிருந்து ஆறரை வரை பால். எட்டு மணிக்கு வகுப்பு. சாயங்காலம் வீட்டு வேலை, அதற்கப்புறம் படிப்பு. அவளும் படிக்காமல் இல்லை. மனித உடம்பில் இருநூற்றாறு எலும்பு. அத்தனைக்கும் பெயர், பெயருக்குள் மேடு, பள்ளம், ஓட்டை, ஓட்டைக்கும் ஒரு பெயர். சத்தம் போட்டுப் படிப்பாள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். பக்கத்து இருக்கைப் பெண், சுருட்டை முடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், நல்ல மனசுக்காரி. "அக்கா, ஒவ்வொரு பேருக்கும் முதல் எழுத்தை எடுத்து ஒரு வாக்கியம் பண்ணிக்கோங்க. நாங்க எல்லாம் அப்படித்தான்" என்று நாலைந்து வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். பால்காரம்மா வாக்கியங்களை மனப்பாடம் பண்ணினாள். தேர்வறையில் எலும்பும் மறந்தது, வாக்கியமும் மறந்தது.

இருபத்தெட்டு மதிப்பெண் வந்த அன்று, எலும்பு மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். உடற்கூறியல் நடத்துகிற ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. மேடத்துக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டாள்.

"ஆறு வாரத்துல மறுதேர்வு இருக்கும்மா. வெளியிலேர்ந்து தேர்வாளர் வருவார். வாய்மொழித் தேர்வுதான். அதுலயும் போச்சுன்னா பேரை எடுத்துடுவாங்க. உன் வயசுக்கு மறுபடி சேரவும் முடியாது. நான் சொல்றது புரியுதா?"

"புரியுது மேடம்."

நன்றாகவே புரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை, அவள் பால் போடுகிற எட்டு வீட்டுக் கட்டிடம் ஒன்றின் முன்னால்தான் அது நடந்தது. கீழே நாலு வீடு, மேலே நாலு வீடு. இடது ஓரத்தில் மாடிப்படி. கீழே முதல் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். அந்த வீட்டுக்காரர் கப்பல் மாதிரி ஆள், செருப்போ அதற்கும் மேல். மழை நாளில் அதற்குள் தண்ணீர் தேங்கினால் குருவி குளிக்கும். பாலை வைக்கக் குனிந்தவள் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். படகு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள். மணிக்கட்டின் முதல் எலும்பு ஸ்காஃபாய்ட், அதற்குப் படகு என்று அர்த்தம் என்று மேடம் சொன்னது எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

மணிக்கட்டில் எத்தனை எலும்பு? எட்டு. எப்படி? கீழ் வரிசை நாலு, மேல் வரிசை நாலு. பால்காரம்மா நிமிர்ந்து கட்டிடத்தைப் பார்த்தாள். தன் வலது கையைத் தூக்கி, புறங்கை தன் பக்கம் இருக்கும்படி, கட்டிடத்துக்கு நேரே பிடித்தாள். மாடிப்படி இருக்கிற பக்கம் கட்டைவிரல். அடி ஆத்தே!

இரண்டாவது வீட்டுக்காரருக்கு நல்ல வழுக்கை. காதுக்கு மேலே மட்டும் பிறை நிலா வளைந்த மாதிரி கொஞ்சம் முடி. லூனேட் என்றால் பிறை. மூன்றாவது வீட்டில் மாமியார், மருமகள், நடுவில் மாட்டிக்கொண்ட மகன். அந்த வீட்டில் பாலை யார் கையில் கொடுத்தாலும் மற்ற இருவருக்கும் கோபம் வரும். மூன்று மூலையிலும் முறைத்துக்கொண்டு நிற்கிற அந்த எலும்புக்கு ட்ரைக்வெட்ரல் என்று பெயர், முக்கோணம். நாலாவது வீட்டில் தனியாக இருக்கிற பட்டாணியம்மா. தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், உயரம் நாலடிக்கு ஒரு விரல்தான் கூட, அதனால்தான் அந்தப் பெயர். மணிக்கட்டிலேயே பொடி எலும்பு பிசிஃபார்ம், பட்டாணி எலும்பு.

மாடியில் முதல் இரண்டு வீடும் அண்ணன் தம்பி. முகம் ஒன்று, குரல் ஒன்று, தம்பி மட்டும் கொஞ்சம் சின்ன அளவு. ட்ரபீசியம், ட்ரபீசாய்ட். மூன்றாவது வீட்டில் குடியிருப்போர் சங்கத் தலைவர். மணிக்கட்டிலேயே பெரிய எலும்பு கேப்பிடேட், அதற்குத் தலை என்று அர்த்தம். கடைசி வீட்டில் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று வருஷமாகிறது. யார் வந்து தட்டினாலும் உள்கொக்கியை எடுக்காமல் கதவை நாலு விரற்கடை மட்டும் திறப்பாள். ஒரு கை வெளியே வரும், பாலை வாங்கிக்கொள்ளும், கதவு மூடும். ஒன்பது வருஷத்தில் பால்காரம்மா அவள் முழு முகத்தைப் பார்த்ததில்லை. எட்டாவது எலும்பு ஹேமேட். கொக்கி எலும்பு!

பால்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பிறை நிலாக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்னம்மா, காலங்காத்தால?" என்றார். "ஒண்ணுமில்லங்க" என்றவளுக்கு அவருடைய தலையைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் அதிகமாகி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

அதற்கப்புறம் கேட்கவேண்டுமா? அடுத்த தெருவின் பன்னிரண்டு வீடும் விலா எலும்பு ஆயின. முதல் ஏழு வீட்டில் அவர்களே வாசலுக்கு வந்து பால் வாங்குவார்கள். அவை நேராக மார்பெலும்போடு சேருகிற ஏழு. அடுத்த மூன்று வீட்டுக்காரர்கள் சோம்பேறிகள், ஏழாவது வீட்டிலேயே தங்கள் பாலையும் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அவை ஏழாவதைப் பிடித்துக்கொண்டு மார்பெலும்புக்குப் போகிற மூன்று. கடைசி இரண்டு வீட்டில் ஆளே இருக்கமாட்டார்கள், பை மட்டும் கேட்டில் தொங்கும். அவை எதோடும் சேராமல் தொங்குகிற இரண்டு விலா. ஆறு வாரத்துக்குள் அவளுடைய வட்டாரம் முழுவதும் ஒரு ஆள் மல்லாந்து படுத்த மாதிரி ஆகிவிட்டது. தினமும் காலையில் அவள் அந்த ஆளின் கழுத்தில் ஆரம்பித்து, கணுக்காலில் பால் போட்டுவிட்டு வீடு திரும்பினாள்.

இந்த ரகசியம் அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். தேடிப் பார்த்தாலும் கெடுதல் கிடைக்காத மனுஷன், வாடகை வேன் ஓட்டுகிறவன். தினமும் சாயங்காலம் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீடு வீடாகப் போவாள். "இது படகு, இது பிறை..." என்று அவள் அழுத்த, அவனுக்குக் கூச்சம் தாங்காது.

"ஏய், மெதுவா. அது மாமியார் வீடு, வலிக்குது."

"மருமக வீடும் அதுதாங்க."

"அதான் வலிக்குதா?"

"குடியிருக்கிறவங்க காதுல மட்டும் விழுந்துடக் கூடாதுங்க. எலும்புன்னு சொன்னேன்னு தெரிஞ்சா பாலை நிறுத்திடுவாங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றான் அவன். அந்த வாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேர்வு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வெள்ளியன்று எலும்பு மேடம் வகுப்பில் சும்மா கேட்டுப் பார்த்தாள். பால்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு படபடவென்று கொட்டினாள். சுருட்டை முடி கைதட்டியே விட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அது சந்தோஷத்தில்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புருஷன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். முகமெல்லாம் பெருமை.

"இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிட்டு வரேன் தெரியுமா? உன் எட்டு வீட்டுக் கட்டிடத்துலதான். கணக்கு டீச்சருக்கு முழங்கால் போச்சாம், படி ஏற முடியலயாம். பட்டாணியம்மாவுக்குச் செடி வைக்க வெயில் வேணுமாம், கீழ வெயிலே வரலயாம். ரெண்டு பேரும் பேசி வச்சு வீட்டை மாத்திக்கிட்டாங்க. கட்டில், பீரோ, அலமாரி எல்லாத்தையும் நான்தான் ஏத்தி இறக்கினேன். ஒரு சாமான் கீறல் படல."

பால்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

"யாரு, யார் வீட்டுக்குப் போனாங்க?"

"டீச்சர் கீழ, பட்டாணியம்மா மேல." சொல்லிக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில்தான் உறைத்தது.

"ஏங்க! ஒன்பது வருஷமா அசையாம இருந்த கட்டிடம். இன்னும் ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா? என் எலும்பைத் தூக்கி இடம் மாத்தி வச்சதும் இல்லாம, கீறல் படலன்னு பெருமை வேறயா உங்களுக்கு?"

"இப்ப வேணா திருப்பி மாத்திடட்டுமா?" என்றான் அவன், நிஜமாகவே கேட்டான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இங்கே பால்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பால் போடுகிறவளுக்கு ஞாபகம் வைப்பது பாதி வேலைதான். மாறினதை உடனே மாற்றிக்கொள்வது மீதிப் பாதி. ஒரு வீட்டில் ஆள் மாறினால் மறுநாளே அவள் கால் மாறியாக வேண்டும். பழைய ஞாபகத்தில் ஒரு நாள் தப்பாக வைத்துவிட்டால் இரண்டு வீட்டிலும் ஏச்சு கிடைக்கும். ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அவள் இரண்டாம் நாள் தப்புப் பண்ணினதே கிடையாது.

திங்கட்கிழமை பழக்க தோஷத்தில் நேரே மாடிக்குப் போய் டீச்சருடைய நீல பாக்கெட்டைப் பட்டாணியம்மா கையில் கொடுத்தாள். "நான் பச்சைம்மா" என்றாள் பட்டாணியம்மா, பூந்தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. கீழே ஓடி வந்து கொடுத்தால், கதவு நாலு விரற்கடை திறந்து, "நேரமாச்சு" என்றது குரல். அவ்வளவுதான். பால்காரம்மாவின் தலை தன் வேலையைப் பார்த்துவிட்டது. கீழே கடைசி, கொக்கி. மேலே கடைசி, பட்டாணி. அன்றைக்கு முழுக்க அவள் "இல்லை இல்லை, எலும்புக்குப் பழைய வீடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது வாய். தலை கேட்டதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையும் பால் உண்டு. வேறு ஆள் போடக் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தப்பில்லாமல் நீலத்தைக் கீழேயும் பச்சையை மேலேயும் போட்டாள். தப்பில்லாமல் போட்டதுதான் தப்பாகப் போயிற்று.

தேர்வறையில் ஒரு நீள மேஜை. மேஜை மேல் தட்டுத் தட்டாக எலும்பு. நடுவில் கம்பியில் கோத்த ஒரு கை. அந்தப் பக்கம் வெளித்தேர்வாளர், தடித்த கண்ணாடி, சிரிக்கவே தெரியாத மாதிரி உதடு. பக்கத்தில் எலும்பு மேடம், தனக்கே தேர்வு என்பது போல விரல்களைப் பின்னிக்கொண்டு.

விலா எலும்பைக் கேட்டார். ஏழு, மூன்று, இரண்டு, பளிச்சென்று சொன்னாள். முதுகெலும்பைக் கேட்டார். சொன்னாள். தொடை எலும்பைத் தூக்கிக் காட்டி வலதா இடதா என்றார். அதையும் சொன்னாள். மேடத்தின் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன.

"மணிக்கட்டு. எட்டும் வரிசையா சொல்லுங்க."

பால்காரம்மா கண்ணை மூடினாள். சைக்கிளை நிறுத்தினாள். மாடிப்படிப் பக்கமிருந்து ஆரம்பித்தாள்.

"கீழ் வரிசை. ஸ்காஃபாய்ட், லூனேட், ட்ரைக்வெட்ரல், ஹேமேட்."

தேர்வாளரின் பேனா நின்றது. பால்காரம்மா கண்ணைத் திறந்தாள். மேடத்தின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"கடைசியா என்ன சொன்னீங்க?" என்றார் தேர்வாளர்.

"டீச்சர் கீழ வந்துட்டாங்க சார்" என்றாள் பால்காரம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"எந்த டீச்சர்?"

இனிமேல் மறைத்து என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போயாச்சு, சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? எட்டு வீடு, செருப்பு, வழுக்கை, மாமியார் மருமகள், தலைவர், கொக்கி, ஞாயிற்றுக்கிழமை வேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வழுக்கை என்றபோது தேர்வாளர் தன் தலையை லேசாகத் தடவிக்கொண்டார். அவருக்கும் பிறைதான் மிச்சம். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒருத்தர் கீழ விழுந்து கை வீங்கி வருவார். அன்னிக்கு உங்க கட்டிடத்துல யார் எந்த வீட்டுல இருக்காங்கன்னு போய்ப் பார்த்துட்டு வந்துதான் கட்டு போடுவீங்களா?"

பால்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எட்டு வருஷம் படிவம் போட்டு வாங்கின இடம், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று நினைத்தாள். அழக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தவள் பார்த்தது தன் உள்ளங்கையை.

இரண்டு உள்ளங்கையிலும் சுண்டுவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில், ஒரு காய்ப்பு. பால் பெட்டி ஏற்றின சைக்கிளின் கைப்பிடி ஒன்பது வருஷமாக அழுத்தி அழுத்தி உண்டானது. கட்டைவிரலால் அதைத் தடவினாள். காய்ப்புக்கு அடியில் குண்டு மணி மாதிரி ஒன்று உருண்டது.

"சார், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க."

"இது பட்டாணி சார். பிசிஃபார்ம். மணிக்கட்டு மடிப்புலயே, சுண்டுவிரல் பக்கம். இதுக்கு மேல மறு கை கட்டைவிரல் மடிப்பை வச்சு, நுனியை இந்தக் கையோட கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பார்க்கிற மாதிரி நீட்டி அழுத்தினா, இங்க உள்ள கொஞ்சம் ஆழத்துல முட்டுது பாருங்க. இதுதான் ஹேமேட்டோட கொக்கி. விரல் பக்கம் இருக்கு. அப்ப இது மேல் வரிசை. பட்டாணி கீழ் வரிசை. நான் தப்பாச் சொல்லிட்டேன் சார்." மூச்சு வாங்கிக்கொண்டு, கேட்காததையும் சொன்னாள். "இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நரம்பு போகும்போல இருக்கு சார். பெட்டி கனமா இருக்கிற அன்னிக்குக் கைப்பிடி இங்க அழுத்தி, சுண்டுவிரலும் பக்கத்து விரல்ல பாதியும் மரத்துப் போயிடும்."

தேர்வாளர் எலும்பு மேடத்தைப் பார்த்தார். "இதை நீங்க நடத்தினீங்களா?"

"கொக்கியை எப்படித் தொட்டுப் பார்க்கிறதுன்னு ஒரு தடவை காட்டினேன் சார். நரம்பு இன்னும் வரல. அது அடுத்த வருஷம்" என்றாள் மேடம்.

அவர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை மேஜை மேல் நீட்டினார். "என் கையில காட்டுங்க."

பால்காரம்மா காட்டினாள். படகிலிருந்து ஆரம்பித்து, எட்டையும். கண்ணை மூடவே இல்லை. கடைசியில் கொக்கியைத் தேடி அழுத்தின அழுத்தில், பால் பெட்டி தூக்குகிற கை இல்லையா, மனுஷன் நாற்காலியிலிருந்து அரை அடி எழுந்துவிட்டார்.

"போதும்மா, போதும்! இருக்கு, அங்கதான் இருக்கு!"

அப்போதுதான் அந்த உதட்டுக்குச் சிரிக்கத் தெரியும் என்பது தெரிந்தது. எழுதுகிற தாளை இழுத்துக்கொண்டு, கையை உதறிக்கொண்டே சொன்னார். "கட்டிடத்தை விட்டுடாதீங்க. வழி தெரிய அது வேணும். போய்ச் சேர்ந்த பிறகு கையைத் தொட்டுப் பாருங்க."

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அறுபத்தொன்பது. சுருட்டை முடி அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல், இருவருமாக விழுந்தார்கள். பால்காரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் புருஷனுக்கு அதைவிட. வேனை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லப் போனான். அந்த வாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, இதுதான் அது. கட்டில் இறக்கக் கொடுத்த கயிற்றைத் திருப்பித் தருகிற சாக்கில் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனவன், பூராவையும் கொட்டிவிட்டு வந்தான். தலைவர் காதில் ஒன்று விழுந்தால் எட்டு வீட்டுக்கும் போட்ட மாதிரிதான்.

சனிக்கிழமை காலை பால்காரம்மா எதுவும் தெரியாமல் சைக்கிளை நிறுத்தினாள். கேட்டிலேயே தலைவர்.

"நான்தான் பெருசாமே?"

பால்காரம்மா பால் பெட்டியைத் துழாவினாள். "அது வந்துங்க..."

"நடுவுல வேற இருக்காமே? மத்த எல்லாம் என்னைச் சுத்தித்தான் இருக்காமே?"

"ஆமாங்க" என்றாள் மெல்ல.

"நான் எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன், ஒருத்தராவது ஒத்துக்கிட்டாங்களா?" வாயெல்லாம் பல்லாக அவர் மாடிக்குப் போனார்.

மூன்றாவது வீட்டு வாசலில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே நின்றார்கள். அதிசயம்தான். "எங்க வீட்டுக்கு மட்டும் என்ன எலும்புன்னு யாரும் சொல்லமாட்டேங்கிறாங்க" என்றாள் மாமியார். பால்காரம்மா பாக்கெட்டை இருவருக்கும் நடுவில் நீட்டினாள். "மூணு பக்கமும் உறுதியான எலும்புங்கம்மா" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் மகன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்தது டீச்சர் வீடு. பால்காரம்மா பயந்துகொண்டேதான் தட்டினாள். மற்றவர்கள் சிரிப்பார்கள், டீச்சர் சிரிக்கிற ஆள் இல்லை. கதவு வழக்கம்போல நாலு விரற்கடை திறந்தது. கை வெளியே வந்தது. பாலை வாங்கிக்கொண்டது.

"நில்லு" என்றது குரல்.

கதவு மூடியது. உள்ளே உலோகம் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு முழுசாகத் திறந்தது.

பால்காரம்மா ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக டீச்சரைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்த முகமே இல்லை. சின்ன முகம், மூக்கு நுனியில் கண்ணாடி, முழங்காலில் பட்டைக் கட்டு, சுவரைப் பிடித்த ஒரு கை. பின்னால் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்.

"என்னால ஃபெயிலாகப் பார்த்தியாமே?"

"உங்களால இல்ல டீச்சர். என் தலையால."

"கணக்குல கூட, இடம் மாறினா மதிப்பு மாறும்" என்றாள் டீச்சர். சுவரிலிருந்த கையை எடுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி நீட்டினாள். "காட்டு. நான் எங்க இருக்கேன்?"

பால்காரம்மா பாலை வாங்கிக்கொள்கிற அந்தக் கையை முதல் தடவையாகத் தன் இரண்டு கையிலும் பிடித்தாள். ஒல்லியான கை. தேடவேண்டியே இருக்கவில்லை. மெதுவாக, தேர்வாளரை அழுத்தின மாதிரி இல்லாமல், கட்டைவிரலை வைத்தாள். "இங்க டீச்சர்."

டீச்சர் தன் இன்னொரு கையின் விரலால் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இது மேல் வரிசையா, கீழ் வரிசையா?"

"மேல்தான் டீச்சர். மேல கடைசி."

"நிச்சயமா?"

"நிச்சயமா டீச்சர். இனிமே மாறாது."

டீச்சர் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷம் அந்த மாடியில இருந்தேன். காலையில ஜன்னலைத் திறந்தா நீ சைக்கிள் தள்ளிட்டு வர்றது தெரியும்" என்றாள். "போகட்டும். இங்கயாவது மாடியிலயே இருக்கேன்."

பால்காரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததை மறைக்கவும் இல்லை. டீச்சர், "சரி சரி, பால் கெட்டுப் போகும், போ. மேல பட்டாணி காத்துட்டிருப்பா" என்று விரட்டினாள். பால்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பச்சை பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பாதிப் படியில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். கதவு மூடுகிற சத்தம் கேட்டது. கொக்கி போடுகிற சத்தம் கேட்கவில்லை.